திருகு ஏழில் நின்ற வீடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் பாறையாக இருந்தது, கீழே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். வீட்ல யாரோ ரொம்ப அக்கறையா இருக்காங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும்.

(குளிர்சாதனப் பெட்டி என்று எழுதலாம்தான். எழுதினால் கதைக்குள் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.)

2

முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் அவள்'

வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது தொடக்கம்: அவள் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். புளித்திருந்தது.

இது போதும். அவள் அந்த வீட்டு மருமகள். கணவன் கப்பல் வேலையில் இருக்கிறான். குழந்தைக்கு ஐந்து மாதம். திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். முந்தின நாளே தாய்ப்பாலை எடுத்துப் புட்டியில் அடைத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டியது, மறுநாள் மாமனார் அதைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது என்று ஏற்பாடு. நான்கு நாளாக ஒத்திகை நடக்கிறது. நான்கு நாளும் மறுநாள் மதியத்துக்குள் பால் கெட்டுவிட்டது.

தன் பால்தான் சரியில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பவுடர் டின் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்தாள். டின் பாலில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அவள் விரும்பி வாங்கியதில்லை, அவ்வளவுதான். மூடியைத் திறக்கவுமில்லை.

3

மாமனார் முப்பது வருடம் தபாலாபீசில் தபால் பிரித்தவர். அவரைக் கண்டிப்பானவராக எழுத இரண்டு பக்கம் வீணாக்கினேன். நிற்கவில்லை. பேரனுக்கு நகம் வெட்டும்போது தானே மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஆளை எப்படிக் கண்டிப்பானவராக எழுதுவது?

அவருக்கு 'பால்' என்று வாயில் வராது. மருமகளிடம் எப்படிச் சொல்வது?

"அதை மேல வெச்சியாம்மா?"

"வெச்சேன் மாமா."

"கெட்டியாச்சா?"

"ஆயிடும் மாமா."

இருவரும் சுவரைப் பார்த்துத்தான் இதைப் பேசுவார்கள். 'அது' என்பது அவசரத்துக்கென்று அவள் மேலே உறையவைத்திருந்த மூன்று பைகள். அவை கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் தோழியிடம் போனில் சொன்னது மாமனார் காதில் விழுந்தது. மறுநாள் காலை, ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒரு திருகு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்றிலிருந்து ஏழு வரை. ஏழில் வைத்தார். தினமும் காலையில் அது ஏழில்தான் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துக்கொண்டார்.

4

(கதையைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த இடம் இது.

அந்த மாதிரி ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது மேல் அறையில் மட்டும். அங்கே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அது குளிர்ந்த காற்றில் ஒரு பங்கை ஒரு துவாரம் வழியாகக் கீழே தள்ளுகிறது. கீழறைக்கென்று சொந்தக் குளிர் கிடையாது, மேலே இருப்பவர் அனுப்பினால்தான் உண்டு. ஐஸ் தட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகு குளிரைக் கூட்டுவதில்லை, பங்கு பிரிக்கிறது. ஏழில் வைத்தால் கீழே போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். மேலே கல், கீழே கஞ்சி.

ஆகவே அவர் மூன்று பைகளைக் காப்பாற்ற, கீழே தினமும் ஒரு புட்டி கெட்டது. 'மாமா, பால் கெட்டுப்போகுது' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'திருகை ஏழுல வெச்சிருக்கேம்மா' என்று அவர் சொல்லியிருந்தாலும் போதும். எப்படிச் சொல்வார்கள்? சுவரைப் பார்த்து எவ்வளவுதான் பேச முடியும்?)

5

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். கூப்பிட்டது மாமனார், தண்ணீர் பாட்டில் ஜில்லென்று இல்லை என்று.

மெக்கானிக்கை முதலில் பெண்ணாக எழுதினேன். அந்த அம்மாளும் மருமகளும் இரண்டே வரியில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டார்கள், கதையே நடக்கவில்லை. ஆணாக்கினேன்.

அவர் ஐஸ் தட்டை உருவி மாமனார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தார்.

"யாரு இதை ஏழுல வெச்சது?"

மாமனார் பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்டவர் போல, தட்டை ஏந்தியபடி நின்றார். மருமகள் அந்தத் திருகை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். திருகைப் பார்த்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

"மேல கட்டியாகணும்னு திருப்பியிருப்பீங்க. அதான் கீழ வரவேண்டியது வரல." மெக்கானிக்கின் கண் கீழ்த்தட்டில் இருந்த புட்டிகள்மேல் போனது. "குழந்தைக்கா? இந்தத் தட்டுல யார் வீட்டுப் பாலும் தாங்காதும்மா. பால்மேல குத்தமே இல்ல. மூணுல வெச்சிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்."

அவள் தலையாட்டினாள். குழந்தை அழவில்லை, ஆனாலும் உள்ளே போய் அதைத் தூக்கி ஒரு நிமிடம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

மெக்கானிக் போன பிறகும் மாமனார் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"நீ எதுக்கும்மா உன் பேர்ல..."

"விடுங்க மாமா. கால்ல தண்ணி சொட்டுது பாருங்க."

6

முடிவு, ஒன்று: மாமனார் எல்லாவற்றையும் சொல்லிக் கண் கலங்குகிறார். எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் கலங்கினால் அவளுக்குச் சங்கடம்.

முடிவு, இரண்டு: அவள் டின்னைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில்

இல்லை. டின் அலமாரியிலேயே இருக்கட்டும். அது இருப்பதில் அவளுக்கு இப்போது பயமில்லை.

முடிவு, மூன்று: மாலை. அவள் புதிதாக ஒரு புட்டியைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். பின்னால் ஒரு செருமல். மாமனார் சுவரைப் பார்க்கவில்லை.

"பாலைக் கதவுல வைக்காதம்மா. உள்ள தள்ளி வை. அங்கதான் நல்லா ஜில்லுனு இருக்கும்."

"சரி மாமா."

நாளை மதியம் அதை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் யோசித்தபடி நின்றால் உள்ளே இருக்கும் குளிரெல்லாம் போய்விடும்.

மூடுகிறேன்.