கணக்கில் சேராத மூச்சு

நாட்டின் சுற்றுலா அமைப்பு ஒன்று இன்னும் ஐந்து வருடத்தில் கரியமில வாயு வெளியேற்றத்தை ஜீரோவாக்குவதாகச் சபதம் எடுத்தால், அதற்காகத் தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் ஒரு பைத்தியக்காரி வெயிலில் காய வேண்டும். அந்தப் பைத்தியக்காரி நான்தான், நிலா. பெங்களூர்க் கம்பெனியில் கார்பன் கணக்கு எடுப்பவள். வீடு பக்கத்திலேயே, கோரமண்டலில்.

மூடிய தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்கிய பழைய ஷாஃப்ட் குழி ஒன்றைச் சுற்றி அந்த அமைப்பு மியூசியம் கட்டப்போகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஷாஃப்ட் வாய்க்குக் கான்கிரீட் மூடி கிடைத்துவிட்டது. அதன் நடுவே ஒரு இரும்புக் குழாய். அதில் வரும் காற்றை அளப்பது என் வேலை.

ஆறு நாள் அளந்தேன். பழைய சுரங்கத்துக் காற்று மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி வரும். இது மாறவே இல்லை. நாளுக்குச் சரியாக மூன்று கிலோ கரியமில வாயு. மீட்டரில் எண் நான்கு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. என் மூச்சை எண்ணிப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். ஒரு ஆள் ஒரு நாளில் விடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மூன்று கிலோ என்றால் மூன்று ஆள்.

எனக்கு நான்கு வயதில் அந்த ஷாஃப்டில் பாறை வெடித்து மூன்று பேர் சிக்கினார்கள். உடல்களை எடுக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் கதிர், என் அப்பா.

மேனேஜர் விவேக் போனில் சொன்னார்: "சனிக்கிழமை குழாய்ல சிமெண்ட் ஊத்திடலாம் நிலா. அப்புறம் ஜீரோதானே?"

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா ராணி பௌர்ணமிதோறும் புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள். பக்கத்தில் அப்பா படத்தை மாட்ட மட்டும் விட்டதில்லை. "உடம்பக் காட்டாம செத்துட்டாருன்னா நம்பிடணுமா?" என்பாள்.

மறுநாள் மத்தியானம் என்னோடு வந்தாள். கல்லை எடுத்துக் குழாயில் மூன்று தட்டு தட்டினாள். மண் சரிந்து ஆள் சிக்கினால் சுரங்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். மேலே தட்டுவார்கள்; தட்டுச் சத்தம் கேட்டால் கீழே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பார்கள்.

"ஏங்க, ராணி வந்துகிறேன்."

மீட்டரில் எண் சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைந்து அப்படியே நின்றது.

"இன்னாடி ஆச்சு?"

"ஒருத்தர் மட்டும் மூச்சப் பிடிச்சிகினு கேக்குறாரும்மா."

அம்மா பதறி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பேசல, பேசல. நீங்க மூச்சு வுடுங்க!" என்று பின்பக்கமாகவே நகர்ந்தாள். இருபது நொடி கழித்து எண் பழையபடி ஏறியது. நான் அழுதேன். பயமா, சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான்.

அந்தக் குழாயை அடைக்க நான் விடப்போவதில்லை. அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினேன். எங்கள் விதிகளில் ஒன்று உண்டு: மனிதர் விடும் மூச்சு வெளியேற்றக் கணக்கில் சேராது. வாயு வரும் இடம்: மனித மூச்சு. ஆட்கள்: மூன்று. வெளியேற்றம்: ஜீரோ. இவ்வளவு நேர்மையான ரிப்போர்ட்டை நான் எழுதியதே இல்லை.

அரை மணியில் விவேக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சூப்பர் நிலா! ஜீரோன்னா அடைக்கவே வேணாம். ஆமா, அந்த மூணு பேரு யாரு?"

"கீழ ஷிஃப்ட்ல இருக்காங்க சார்."

"ஓ, காண்ட்ராக்ட் ஆளுங்களா? சரி, திறப்பு விழாவுக்கு முன்னாடி மேல வந்துடச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். அம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"என்னிக்கு விழான்னு கேளுடி. ஊட்ல வெறும் ரசந்தான் இருக்குது, கறி எடுக்கணும்."