சூடு பட்ட மூலை

ஹெப்பாளில் ஒரு சாயத் தொழிற்சாலை தன் கழிவுநீர்த் தொட்டியை இடித்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. பழைய தொட்டியின் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து ஊதி, சுவரைப் பிளந்துவிட்டிருந்தன. புதியதில் இரும்பே கிடையாது. எரிமலைப் பாறையை உருக்கி இழையாக இழுத்து, பிசினில் தோய்த்துச் செய்த கம்பி. தாரணியின் மூன்று வருட உழைப்பு அது. இந்தத் தொட்டி தேறினால்தான் அவள் வேலைபார்க்கும் கம்பெனி அதை உற்பத்திக்கு எடுக்கும். இல்லையென்றால் அவளுடைய பிரிவையே மூடிவிடுவார்கள்.

தொட்டியைக் கட்டும் கான்ட்ராக்டர் சக்தி, அவள் கணவன். கொள்ளேகால் பக்கத்துக்காரன். இருவரும் ஒரே வேலையில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

கான்கிரீட் லாரி வந்து நின்ற காலையில் தாரணி குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தாள். மூன்று சரியாக இருந்தன. நான்காவதில் கம்பிகள் வளையும் இடம் வெளுத்திருந்தது. கட்டைவிரலில் பஞ்சு போல இழை ஒட்டியது.

"ஏங்க, இது எங்க ஃபேக்டரில வளைச்சதில்லையே?"

"இல்லீங் அம்மணி." கேலி செய்யும்போது அப்படித்தான் கூப்பிடுவான். "வளைச்சு வந்ததுல கொஞ்சம் கொறஞ்சு போச்சு. நேர் கம்பிய கேஸ் டார்ச்சுல காட்டுனோம். ரப்பராட்டம் வளைஞ்சுது. லட்சணமா இருக்குதா?"

"சூடு காட்டினீங்களா?"

"ஏன், இரும்புக்குக் காட்டறதில்லையா?"

"இரும்பு ஆறினா மறுபடி இரும்புதான். இதுல பிசின் வெந்துட்டா உள்ள இருக்கறது வெறும் நூல்."

சக்தியின் சிரிப்பு நின்றது. "நீ சொல்லவே இல்லையே."

அவள் சொல்லவில்லைதான். விஜயநகர் வீட்டில் தினமும் சாப்பிடும்போது இந்தக் கம்பிதான் பேச்சு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இருவரும் சண்டைகூடப் போட்டிருந்தார்கள். வேறு யார் கான்ட்ராக்டராக இருந்தாலும் முதல் நாளே நிற்கவைத்து, சைட்டில் வளைக்கக் கூடாது என்று பாடம் எடுத்திருப்பாள். இவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணுனா தேதி தள்ளிப்போவும்னு நீ தூங்கமாட்ட. சும்னே எதுக்கு உனக்குத் தலைவலின்னு..." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு மூலைதான் தாரணி. ஊத்திட்டா ஆருக்குத் தெரியும்?"

"தண்ணி நெறஞ்சா மூலைக்குத்தான் முதல்ல தெரியும்."

லாரியின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. டிரைவர் இறங்கிவந்து, ஊற்றலாமா என்று கேட்டான். தாரணி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தன் கம்பெனி மேலாளர் நரசிம்மமூர்த்திக்குப் போன் செய்தாள்.

அவர் வந்து வெளுத்த வளைவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "புதுசா வளைச்சுக் கொண்டுவர எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம் சார்."

"இவங்க சாயப் பட்டறைய ஒரு வாரம் பூட்டிவைக்க மாட்டாங்க. யார் வேலை இது?"

"என் வேலைதானுங் சார்" என்றான் சக்தி.

"வளைச்சது இவர் ஆளுங்க. சொல்லாம விட்டது நான்" என்றாள் தாரணி.

"அந்தப் பஞ்சாயத்த வீட்டுல வெச்சுக்கோங்கம்மா. எல்லாத்தையும் பிரிங்க. இரும்பே கட்டட்டும்."

"அப்ப எங்க செக்‌ஷன் என்னாகும், சார்?"

"நீயே நிறுத்தினேன்னு ரிப்போர்ட்ல எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல." சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

லாரி திரும்பிப் போயிற்று. சக்தியின் ஆட்கள் கட்டுகளை அறுத்து, பழுதில்லாத கம்பிகளைத் தனியே அடுக்கினார்கள். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாலு வார்த்த திட்டீரு. மனசுக்குள்ளயே வெச்சுக்காத."

"வீட்டுக்குப் போய்த் திட்டறேன். இப்ப அந்த முனையப் பிடிங்க."

பிடித்தான். கம்பிக் கட்டு கனக்கவில்லை, ஒருவரே தூக்கியிருக்கலாம். இருவருமாக வண்டிவரை கொண்டுபோனார்கள்.