துடைத்து வைத்த தட்டுகள்

நன்றாக இருந்திருந்தால் ஒருத்தியாவது வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பாள், என்று இளவரசி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். மேசையில் பதினோரு தட்டுகள் துடைத்து வைத்தவை போல இருந்தன. ஒரு சோற்றுப் பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. மேலாளர் தினகரன் அவற்றைச் சந்தோஷமாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ஊறுகாய்க் கம்பெனி. புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் சிறிய அளவில் செய்து, ருசி பார்க்க வைத்து, குறை தீர்த்த பிறகே கடைக்கு அனுப்புவார்கள். அந்தப் பொறுப்பு இளவரசியுடையது. அன்றைக்கு இறால் தொக்கு. இதுவரை இறாலை உப்பும் மஞ்சளும் போட்டு, அது விடுகிற தண்ணீர் அதிலேயே சுண்டும்வரை வதக்கி வந்தார்கள். இப்போது வெந்நீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு மசாலாவில் புரட்டினார்கள். நேரம் பாதியாகக் குறைந்தது. யோசனை உரிமையாளர் தெய்வநாயகியுடையது. ருசி பார்த்தபோது அவரும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடானாலும் சர்ச் விருந்தானாலும், வாய்க்குப் பிடித்ததைப் பாதி தின்று மீதியைப் பிள்ளைகளுக்கென்று மடித்து எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காததை அங்கேயே, மிச்சம் வைக்காமல் விழுங்கிவிடுவார்கள். சமைத்தவள் கண்ணில் மிச்சம் படக்கூடாது. தினகரன் சேலத்துக்காரர். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கோட்டைக்குப்பத்தில் பிறந்த இளவரசிக்குத் தெரியும். அந்தப் பதினோரு தட்டுகளில் ஒன்று அவளுடையது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. மற்றப் பத்துப் பேரும் கூலிக்கு வருகிறவர்கள். அவளுக்கோ உள்ளதைச் சொல்லத்தான் சம்பளம். மரியாதைக்குச் சாப்பிட்டேன் என்று ஒரு காரணத்தைச் சொல்லிப் பார்த்தாள். பயந்து சாப்பிட்டேன் என்று இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறுநாள் தினகரனிடம் இன்னொரு முறை ருசி பார்க்க வேண்டும் என்றாள். நேற்று நான் கேட்டுக் குறித்த எல்லாத் தாளிலும் முழு மதிப்பெண் இருக்கிறதே என்றார் அவர். வாங்குகிறவர்கள் கேட்டால் காட்ட ஒப்பீடு வேண்டும் என்று சமாளித்தாள். போன மாதம் சென்னையில், ஆட்களிடம் பேசிப் பழகுவதைப் பற்றி இரண்டு நாள் வகுப்புக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் என்றார் பாடம் எடுத்தவர். அப்போது அது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இந்த முறை பழையது, புதியது என்று சொல்லாமல் இரண்டு கிண்ணங்கள் வைத்தாள். முதலாளியம்மா அந்தப் பக்கம் வரவில்லை. எழுதத் தெரியாதவர்களும் உண்டு என்பதால் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த கிண்ணத்தின் முன் வைக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கிடங்கு அறைக்குள் கூப்பிட்டாள். யார் என்ன சொன்னாலும் பெயர் வெளியே போகாது என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். அவர்களுக்கு அந்த உறுதி வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், பாட்டில் மூடி மட்டமாக இருக்கிறது என்று சொன்ன, பக்கத்து ஊரான பசியாவரத்துப் பெண்ணை மறுநாளே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார் தெய்வநாயகி.

கடைசியாக முனியம்மா வந்தாள். இருபது வருஷம் ஏரிச் சேற்றில் தவழ்ந்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடித்தவள். முட்டியில் புண் ஆறாமல் போகவே, இங்கே இறால் உரிக்க வந்து சேர்ந்தாள். இந்த வேலையும் போனால் திரும்பவும் அந்தச் சேறுதான்.

"மெய்யாலுமே பேரு போவாதா?"

"போவாதுக்கா."

முனியம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எறா வேகவச்ச தண்ணிய சாக்கடையில ஊத்திட்டு ருசி எங்கன்னு தேடுனா கெடைக்குமா? இத என் பூனைக்கு வச்சா, மோந்து பாத்துட்டு என்னைத்தான் மொறைக்கும்."

இளவரசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பத்துக் கொட்டைகளில் ஒன்பது பழைய தொக்கின் முன் கிடந்தன. அறிக்கையில் பெண்கள் சொன்னதையெல்லாம் பெயரில்லாமல் எழுதினாள். பூனையைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டிருக்கலாம். ருசி வடிநீரோடு போய்விடுகிறது என்று எழுதினாலே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் எழுதினாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் முறை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மையல்ல என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வரியை எழுதும்போது, தான் சொல்லாமல் விழுங்கியதை வேறொருத்தியின் வாயால் சொல்லிக்கொள்கிற சுகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை தெய்வநாயகி கூப்பிட்டனுப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். தாள்கள் எதிரே விரிந்து கிடந்தன. பழைய முறையிலேயே செய்யலாம், நேரம் போனால் போகட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இவ்வளவு எளிதாக முடியும் என்று இளவரசி எதிர்பார்க்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினாள்.

"நில்லு. பூனை கதைய சொன்னது யாரு?"

இளவரசி நின்றாள்.

"நான் ஒண்ணும் கடிச்சித் திங்கமாட்டேன். தெரிஞ்சி வச்சிக்கணும், அவ்ளோதான். என் உப்ப தின்னுட்டு எவ இப்புடி பேசுறான்னு தெரிய வேணாமா?"

நினைவில்லை என்று சொல்லிவிடலாம். தெய்வநாயகி நம்பமாட்டார், ஆனால் இருவருக்கும் அது வசதியாக இருக்கும். நாக்கு அதற்குப் பழகியே இருந்தது. முனியம்மாவைக் காப்பாற்ற அதுவும் போதும். ஆனால் நினைவில்லை என்றால் அடுத்த முறையும் இதே கேள்வி வரும்; ஒவ்வொரு முறையும் மறந்தவளாக நிற்க வேண்டியிருக்கும். கிடங்கு அறையில் அவள் கொடுத்த வாக்கு, பெயர் வெளியே போகாது என்பது; மறந்துவிடுகிறேன் என்பது அல்ல.

"தெரியும்மா. ஆனா பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"நான் வெளி ஆளா?"

ஆலைக்குள் இயந்திரம் நின்று, பெண்கள் கை கழுவும் சத்தம் கேட்டது.

"உனக்குச் சம்பளம் குடுக்கறது நான்தானே?" தெய்வநாயகியின் குரல் ஏறவில்லை.

"நீங்கதாம்மா."

"அப்ப சொல்லு."

"இல்லம்மா," என்றாள் இளவரசி, அதே மரியாதையோடு. "சொல்ல மாட்டேன்."