கடம்பேரியின் மார்பளவு

"அப்போ ரெண்டு விரல் லூஸ் விட்டுத்தான் அளந்தீங்க?"

"ஆங். உடாம எப்டிங்க? மூச்சு முட்டாதா?"

"மரத்துக்காம்மா?"

"ஃபாரத்துல நீங்கதானே சார் மார்பளவுன்னு போட்டிருக்கீங்க."

கேட்டவர் பரணிதரன், மணவூருக்குப் பக்கத்தில் கடம்பேரி என்ற ஏரியில் மீட்டெடுத்த நீர்க்காட்டைக் கண்காணிக்கும் அலுவலர். பதில் சொன்ன ஹேமாவதி, அங்கே மரம் அளக்கும் வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருடம் ஜாக்கெட்டும் சட்டையும் தைத்தவள். ஓர் ஆளின் மார்பு உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் படிவம் அப்படிச் சுருக்கியிருந்தது. அவள் அதைத் தையல்காரியாகப் படித்தாள். டேப்புக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்து, அந்த இடத்தையும் சேர்த்து எழுதினாள். எழுதிய அளவை அன்று சாயங்காலத்துக்குள் மரங்கள் எட்டிவிட்டன.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு நட்டவை அவை, அறுநூற்றுப் பன்னிரண்டு செங்கடம்பும் நீர்மருதும். காலையில் தளர்வாக இருந்த எண் தகட்டின் கம்பி சாயங்காலம் பட்டையில் பதிந்துகிடந்தது. அரக்கோணம் லோக்கல் இருபது நிமிடம் தாமதம் என்று சொல்லும் குரலிலேயே ஊரில் இதையும் சொன்னார்கள். முதல் வருடம் ஆறு முறை அளந்தாள். இரண்டாம் வருடம் நிழல் கரையைத் தாண்டியது, சித்திரையிலும் தண்ணீர் நின்றது, திருவாலங்காட்டுப் பக்கமிருந்து நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டின.

அதே இரண்டு வருடத்தில் அவள் புருஷன் சாமிநாதன் இளைத்துக்கொண்டே வந்தான். விசைத்தறியில் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. அரக்கோணத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தாகச் சாப்பிடச் சொன்னார். ஹேமாவதி அவன் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடியும். எல்லாம் கண்ணளவுதான். டேப்பை வைத்தால் எண் தெரிந்துவிடும்.

"மரத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறா," என்று இருமலுக்கு நடுவே அவன் சிரிப்பான். "கடம்பு இன்னா கலர் கேட்டுகினு இருக்குது?"

"சும்மா படு பாவா."

இந்த வேகத்தில் எந்த மரமும் வளராது என்று தலைமை அலுவலகம் அளவுகளைத் திருப்பி அனுப்பியது. பரணிதரன் அன்று வந்து விசாரித்தது அதனால்தான். இனிமேல் டேப்பைப் பட்டையோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். அன்றோடு மரங்கள் நின்றுவிட்டன. அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. இலை உதிரவில்லை, துளிர்க்கவும் இல்லை. விடிந்ததும் கொட்டிவிட வேண்டிய சிவப்புப் பூச்சரங்கள் கொட்டாமல் தொங்கின. நாரைக் கூடுகளில் முட்டைகள் முட்டைகளாகவே இருந்தன. 'நிலையாக உள்ளது' என்று அறிக்கை போனது. தலைமை அலுவலகத்துக்குத் திருப்தி. ஊருக்கும் பழகிவிட்டது.

ஒருநாள் யாரும் பார்க்காதபோது ஹேமாவதி பழையபடி விரல்களை நுழைக்கப் பார்த்தாள். டேப் பட்டையை விட்டு வரவில்லை, விரல் போகவில்லை. அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை. எண்ணை எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், காவடி கொண்டுபோன கூட்டம் திருத்தணியிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தது. சாமிநாதனின் நீலச் சட்டையில் பக்கத் தையல் பாக்கெட்டைத் தொட்டுவிட்டது. இனி உள்ளே பிடிக்கத் துணி இல்லை. ஏரியிலிருந்து வந்த ஹேமாவதி, கழுத்தில் டேப்போடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து அவள் முன்னால் நின்றான். அளவு கொடுக்க வந்தவன்போல இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக்கொண்டான்.

"ஏம்மே, என்னியும் ஒருவாட்டி அளந்து பாரேன்," என்றான். "ரெண்டு விரல் உட்டு."