முன் சீட்டில் மைனர்

சாந்தன்பாறையிலேயே சோம்பேறி நாய் எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட சிலுவைராஜ் வீட்டைக் கைகாட்டும். சிலுவைராஜிடம் கேட்டால் அதன் அப்பன் பட்டாளத்தில் இருந்த நாய் என்பார். காட்டுப்பன்றி சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் பதுங்குவதைத்தான் அந்தப் பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பது அவர் மனைவி சிசிலியின் கருத்து.

மைனர் என்று பேர். பேர் மட்டும் பொருத்தம். காலையில் சிசிலி தண்ணீர் பிடித்து, கஞ்சி வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி முடிக்கும்வரை துரை அடுப்போரச் சாக்கைவிட்டு எழாது. சிலுவைராஜ் வந்து தாடையைத் தடவிக்கொடுத்தால்தான் ஒரு கண் திறக்கும். பால்சாயா ஆறியிருக்க வேண்டும். கப்பக்கிழங்கில் மீன்குழம்பு கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகர்ந்துவிட்டு, இதையா மனுசன் தின்பான் என்கிற மாதிரி அவளை ஒரு பார்வை பார்க்கும். கல்யாணம் முடிந்த இத்தனை வருசத்தில் அவள் சமையலை யாரும் அவ்வளவு தைரியமாகக் குறை சொன்னதில்லை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஜீப்.

போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குத் தினமும் பெண்களை ஏற்றிப்போவது சிலுவைராஜின் பிழைப்பு. பின்னால் மண்வெட்டியும் தூக்குச்சட்டியுமாக ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காராத குறை. அதில் சிசிலியும் ஒருத்தி. ஏலச்செடியடியில் குத்துக்காலிட்டே அவளுடைய வலது முட்டி தேய்ந்துவிட்டது. அந்த முட்டியை மடக்கிக்கொண்டு பின்பலகையின் நுனியில் தொத்திக்கொண்டு போவாள். வலியை வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. நாய்க்கு வராத வலி அந்தக் காதில் ஏறாது என்று விட்டுவிட்டாள்.

முன் சீட்டில் மைனர். சன்னலில் தாடையை வைத்துக்கொண்டு மலையைத் தானே விலைக்கு வாங்கியதுபோல் வரும். சிலுவைராஜ் வழி முழுக்க அதோடு பேசிக்கொண்டே ஓட்டுவார். எஞ்சின் சத்தத்தில் பின்னால் ஒன்றும் கேட்காது. வாய் அசைவதும் ஒரு கை ஆடுவதும் தெரியும். வீட்டில் 'சோறு போடு' என்பதற்குமேல் திறக்காத வாய் அது.

"ஏக்கா, முன்னாடி உக்காந்திருக்கது ஒங்க சக்களத்தியா?" என்று பக்கத்து வீட்டு முருகேஸ்வரி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிசிலியும் சிரித்து வைத்தாள். அன்றைக்கே அந்த சீட்டைப் பிடித்துவிடுவதென்று முடிவு செய்தாள்.

தவக்காலம் வந்தது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஈஸ்டர்வரை எதை விடுகிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சிலுவைராஜ் வருசாவருசம் பாகற்காயை விடுவார். அவர் பாகற்காய் தின்று யாரும் பார்த்ததில்லை. இந்த வருசம் அவர் தொண்டையைச் செருமுவதற்குள் சிசிலி முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மைனர முன் சீட்டுல ஏத்துறத விடுறாரு."

கூட்டமே கைதட்டியது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சிலுவைராஜ் திருட்டுமுழி முழித்துவிட்டு, "ஆமா," என்றார்.

மறுநாள் சிசிலி முன் சீட்டில் ஏறினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், களை வெட்டப் போகிறவளுக்கு அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. சீட்டெல்லாம் நாய்மயிர். ஆனாலும் முட்டியை நீட்ட முடிந்தது.

"கதவச் சாத்திட்டியா?" என்று கேட்டார் சிலுவைராஜ்.

"சாத்திட்டேன்."

அவ்வளவுதான். பூப்பாறை போனது, கொண்டையூசி வளைவுகள் போயின. "பனி சாஸ்தியா இருக்குல்ல?" என்று அவள் ஆரம்பித்துப் பார்த்தாள். "ம்," என்றார். கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்தார். அங்கே மைனர் பெண்கள் மடிகளில் நீட்டிப் படுத்து, முருகேஸ்வரி கொடுத்த உப்புக்கண்டத்தை மென்றுகொண்டிருந்தது. கறி ஆகாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில்கூட அந்தக் கத்தோலிக்க நாய் கறியை விடவில்லை.

வாரம் வாரமாக அதே கதைதான். தினமும் ஒரு கதவு, ஒரு 'ம்'. நாயிடம் மலை முழுக்கப் பேச இருந்த மனுசனுக்குப் பெண்டாட்டியிடம் பேச ஒன்றுமே இல்லை. சிசிலிக்கு நாயின்மேல் இருந்த இளக்காரம் அவர்மேல் திரும்பியது. பிறகு, நாலு பேர் முன்னால் ஒரு நாயோடு போட்டிக்கு நின்ற தன்மேலேயும் திரும்பியது. தூ, என்ன பிழைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்து வேலை தொடங்கிய காலையில் அவளாகவே ஜீப்பின் பின்பக்கம் போனாள். படியில் கால் வைத்ததும் முட்டி பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தாள். முன்கதவு திறந்திருந்தது. மைனர் இரண்டு தடவை தும்மிவிட்டு, பறிபோன ராச்சியத்தைத் திரும்பப் பிடித்தவன்போல் ஏறி உட்கார்ந்தது.

"டேய் மைனரு," என்றார் சிலுவைராஜ், இன்னும் எஞ்சினைக் கிளப்பாமல், ரோட்டைப் பார்த்தபடி. "தள்ளி உக்காருடா. அவளுக்கு வலது முட்டிய மடக்க முடியாதுல்ல? போன மழைக்கே ஒங்கிட்ட சொன்னேனே. தைலம் வாங்கி வச்சிருக்கேன், எப்பிடிக் குடுக்கன்னுதான் தெரியல."

சிசிலி படியிலிருந்து காலை எடுத்தாள். முன்னால் வந்து, நாயை இடுப்பால் இடித்துத் தள்ளி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை, நாயைத் தவிர.

"ஏ மைனரு," என்றாள். "இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாருன்னு கேளு."

மைனர் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வாய் நிறையக் கொட்டாவி விட்டது.