புல் அந்து

அரக்கு நிறப் பட்டுச் சேலையை உதறி விரித்தபோது ஜெனிதாவின் துப்பட்டா மடிப்பிலிருந்து ஏதோ பறந்தது. வைக்கோல் துணுக்கு அளவுதான் இருக்கும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சேலையின் ஜரிகைக் கரைமேல் போய் உட்கார்ந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அந்துப்பூச்சி," என்றார். வந்திருந்த நால்வரும் எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

தி.நகரின் அந்தக் கடையில், பட்டு மாடியில், ஜெனிதா எட்டு வருஷமாக நிற்கிறாள். முந்தைய வாரம்தான் அலமாரியில் ஒரு பட்டுச் சேலை ஓட்டை ஓட்டையாக இருந்தது. காரணம் தெரியாமல் எல்லாரும் முழித்துக்கொண்டிருந்த நேரம். கடையை நடத்தும் தங்கபுஷ்பம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

"உன் மேலருந்துதான் பறந்துச்சுன்னு சொல்லுதாங்க. உள்ளதுதானா?"

"ஆமாக்கா."

"அப்ப கொஞ்ச நாள் கீழ துண்டு செக்ஷன்ல நில்லு."

இல்லையென்று சொல்ல வழியில்லை. அவள் வீடு ஊரூர் குப்பத்தில். காலையில் முகத்துவாரம் ஓரத்துக் காலி நிலத்தில், முழங்கால் உயரப் புல்லுக்குள் குறுக்கே நடந்துதான் அடையாறு டிப்போவில் பஸ்ஸைப் பிடிப்பாள். அடியெடுத்து வைக்க வைக்க அந்தப் பூச்சிகள் எழும்பும். நாலடி தள்ளிப் போய்க் காணாமல் போகும். எங்கே போகின்றன என்று இத்தனை வருஷத்தில் அவள் நின்று பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் அந்தப் புல்லுக்குள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு காற்றின் சத்தம் வேறாகிவிட்டது. கடல் எங்கோ தூரத்தில் இருப்பதுபோலிருந்தது. வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தண்டில் காய்ந்த சருகு என்று நினைத்ததற்குக் கண் இருந்தது. தலை கீழாக, இறக்கைகளை உடம்போடு சுருட்டிக்கொண்டு, மூக்கைக் கூர்மையாக நீட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது. ஒன்று தெரிந்ததும் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவளைச் சுற்றிப் புல் முழுக்க அவை உறங்கிக்கொண்டிருந்தன.

படமெடுத்துப் பூச்சி பார்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டாள். நெடுஞ்செழியன் என்று ஒருவர் எழுதினார்: "மூக்கைப் பார்த்தால் புல் அந்து போலிருக்கிறது. எந்த வகை என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதன் புழு புல்லைத்தான் தின்னும். துணி தின்னும் அந்து வேறு குடும்பம்."

அதை அவள் பத்துமுறை படித்தாள். கடையில் காட்டினால் யாரோ ஒருவர் எழுதியது என்பார்கள். ஒரு பூச்சியைப் பிடித்து, மண்ணும் புல்லும் போட்ட ஊறுகாய் பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டினாள். மறுநாள் மண்மேல் தூள் சிந்தியதுபோல் முட்டைகள். தையல்காரரிடம் கேட்டு வாங்கிய பட்டுத் துண்டு ஒன்றையும் உள்ளே செருகினாள்.

அம்மா முத்தம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பாட்டில்ல புல்லு வளக்கிற?"

"புழு வளக்கிறேம்மா."

"ஊர்ல அவனவன் புழுவ வச்சி மீன் புடிக்கிறான். நீ சோறு போட்டுக்கினு கீற."

ஆறாம் நாள் முட்டைகள் பொரிந்தன. நூல் நுனி போன்ற புழுக்களில் பெரும்பாலானவை செத்துப்போக, ஒன்று மட்டும் தங்கியது. அது புல்லின் அடியில், கண்ணாடியை ஒட்டினாற்போல், தன் வாயால் இழை இழுத்து ஒரு சின்னச் சுரங்கம் கட்டியது. சாயங்காலம் வெளியே வந்து ஒரு புல்லிதழைக் கத்தரித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கீழ்த்தளத்தில் துண்டுகளை மடித்து அடுக்கும்போதெல்லாம் ஜெனிதாவுக்கு அந்தச் சுரங்கத்தின் வெள்ளைச் சுவர்தான் கண்ணில் நிற்கும். யாராவது அளவு கேட்டால் கனவிலிருந்து எழுந்தவள்போலப் பார்ப்பாள்.

ஐந்தாவது வாரம் புழு வெளியே வரவில்லை. மண்ணோடு மண்ணாக ஒரு கூடு. பத்து நாள் பார்த்துவிட்டு ஜெனிதா பாட்டிலைப் பையில் வைத்துக் கடைக்கு எடுத்துப்போய்த் தங்கபுஷ்பத்தின் மேசைமேல் வைத்தாள். முட்டையிலிருந்து கூடு வரை எல்லாவற்றையும் சொன்னாள். தங்கபுஷ்பம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டுத் துண்டை வெளியே எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் புழு தன் சுரங்கத்தை அந்தப் பட்டோடு சேர்த்துப் பின்னியிருந்தது.

"இது அது நூத்த நூலா?"

"ஆமாக்கா."

தங்கபுஷ்பம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு பார்வையை எடுக்காமல் சொன்னார்: "அந்தச் சேலைய ஓட்ட போட்டது பாச்சை, கரப்பான். அலமாரிய நகத்துனப்ப பின்னால ஒரே பாச்சை. அது ஆச்சு, ஒரு மாசம். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். விட்டுப்போச்சு."

ஒரு மாசம் என்பது மட்டும் ஜெனிதாவின் காதில் நின்றது.

"நாளைக்கு மேல போ. இத இங்கயே வச்சிட்டுப் போறியா? வெளிய வாரதப் பாக்கணும்."

"இல்லக்கா," என்றாள் அவள். அந்த அறையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல்முறை. பட்டுத் துண்டை மேசைமேலேயே விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் திருவான்மியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது மடியில் பாட்டிலுக்குள் ஏதோ அசைந்தது. நனைந்த நூல்கண்டு போன்ற ஒன்று புல்தண்டைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. இறக்கை என்று சொல்ல முதுகில் கசங்கிய இரண்டு மடிப்புகள். அது உச்சியில் நின்று நடுங்கியது. மடிப்புகள் மெல்ல மெல்ல நீண்டு இறங்கின. பக்கத்தில் இருந்த அம்மாள் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். அவள் இறங்க வேண்டிய அடையாறு டிப்போ வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஜெனிதா இறங்கவில்லை. சாயங்கால வெயில் பாட்டிலுக்குள் நுழைந்து, இன்னும் காயாத அந்த இறக்கையின் வழியே அவள் விரல்மேல் விழுந்திருந்தது.