கால் வளையத்தின் மாற்றுக் கருத்து

எங்கள் உளவுப் பிரிவில் சாட்சியப் பொருள்களுக்கும் பாஸ்வேர்டு உண்டு. காலையில் நாங்கள் வருவதற்குள் அவை கணினியில் நுழைந்து, வழக்கைப் பற்றித் தங்கள் கருத்தைப் பதிந்துவிடும். மென்பொருளின் பெயர் ஒருமனம். எல்லோரும் சேர்ந்து யோசிப்பதற்காக வாங்கியது. எல்லோரும் ஒத்துப்போனால்தான் அறிக்கை அச்சாகும்.

அந்த வாரம் வியாசர்பாடி தணிகாசலத்தின் வழக்கு. பந்தயப் புறா வளர்ப்பவர். அவருடைய புறா ஒன்று வழிதவறி, ஒரு மந்திரி வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டது. ‘தணிகாசலம் உளவாளி’ என்பது முதல் ஊகம். ‘தணிகாசலம் புறா வளர்ப்பவர்’ என்பது இரண்டாவது.

புறாத் தீனி மூட்டை முதல் ஊகத்தை ஆதரித்தது. மாடியின் புகைப்படமும் ஆதரித்தது. புறாவின் கால் வளையம் மட்டும், ‘என்மேல் இருப்பது பந்தய எண். சங்கேதம் இல்லை’ என்று எழுதியது.

எங்கள் அதிகாரி மோசஸ் குலசேகரன் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இது டீமோட ஒத்துப்போகலையே மேடம். வேற கேஸுக்கு மாத்திடுங்க.”

மதியமே வளையம் ஒரு சைக்கிள் திருட்டு வழக்குக்குப் போனது.

தணிகாசலத்துக்கும் பாஸ்வேர்டு கொடுத்தோம். விதி அப்படி. ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டாவது ஊகத்தை ஆதரித்தார். சம்பந்தப்பட்டவர் என்பதால் அவர் கருத்துக்கு மதிப்பெண் அரை. தீனி மூட்டைக்கு நான்கு.

“மூட்டையவிட நான் கொறச்சலாம்மா?”

“மூட்டை இதுவரைக்கும் பேச்சை மாத்தினதில்லைங்க.”

“சரி. புறாங்களுக்கு யாரு தண்ணி வெப்பாங்க?”

அதற்கு மென்பொருளில் கட்டம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் இரண்டாவது ஊகத்தை ஆதரித்தேன். என் மதிப்பெண் கால் ஆனது. அரைமணி நேரத்தில் நானும் சைக்கிள் வழக்குக்கு மாற்றப்பட்டேன்.

ஐந்து மணிக்கு அறிக்கை அச்சானது. நூறு சதவீத ஒற்றுமை. தணிகாசலத்தின் அரை மதிப்பெண்ணை மென்பொருள் தள்ளுபடி செய்திருந்தது. தணிகாசலத்தை வண்டியில் ஏற்றினார்கள். நான் பஸ் பிடித்து வியாசர்பாடி போய், அவர் மாடியில் தண்ணீர் வைத்தேன். முப்பத்தேழு புறாக்கள். நான் இறங்கிப் போகும்வரை ஒன்றும் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை, ‘தணிகாசலம் உளவாளி’ என்ற ஊகம் துணை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தது. நல்ல உயரம். குலசேகரன் எழுந்து கை கொடுத்தார். என் நாற்காலியைத் துடைத்து அதற்குப் போட்டேன். காபியில் சர்க்கரை வேண்டாம் என்றது.